காதில் வைத்த பஞ்சு

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கிய முதல் நாள். கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர். மறியலுக்காகச் சாலைக்குக் குறுக்கே வெட்டிச் சாய்த்து, இப்போது ஓரமாக இழுத்துப் போட்டிருந்த புளியமரத்தைக் கடக்கும்போது சன்னலோரம் இருந்தவர் சொன்னார்.

"அவரு காதுல பஞ்சு வெச்சி வுட்டது நான்தாங்க."

"யாரு காதுலங்க?"

"எங்க அக்கா வூட்டுக்காரரு. புல்லட்டுல போனா ஹெல்மெட்டுக்குள்ள காத்து பூந்து ஊளையிடுது, தலையே ஆடுதுன்னாரு. கழுத்தாண்ட துண்டைச் சுத்தி, ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சி அனுப்புனேன். இந்த மரத்துல மோதி, அங்கியே முடிஞ்சிடுச்சி."

"செவப்பு ஹெல்மெட்டுங்களா?"

"ஆமாங்க. நீங்க இன்னா, பாத்தீங்களா?"

பக்கத்தில் இருந்தவர் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மறியலப்ப, வண்டி வந்தா நிறுத்தச் சொல்லி, வளைவுக்கு முன்னாடி என்னைத்தான் நிக்க வெச்சிருந்தாங்க. மரம் கெடக்குது, போவாதீங்கன்னு கையத் தூக்கிக் கத்துனேன். கோஷம் போடறேன்னு நெனச்சிட்டாரு போலங்க. அவரும் எனக்குக் கையத் தூக்கிக் காட்டிக்கினே போயிட்டாரு."