பிறந்தநாளுக்குக் கிடைத்த தங்கமீன்

காரைக்காலிலிருந்து நெடுங்காடு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. இளையவள் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் கலைந்துவிட்டது.

"மீன் செத்துப்போச்சுன்னு எம்பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்புடலக்கா."

"மீன் செத்தா கொழம்புதான் வைப்போம். இது என்னடி துக்கம்?"

"அவகூடப் படிக்கிற பையனுக்குப் பொறந்தநாளு. கேக்கு வெட்டி முடிச்சதும் ரிட்டர்ன் கிஃப்ட்டுன்னு புள்ளைங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தங்கமீன் குடுத்தாங்க. உசுரோட, பிளாஸ்டிக் பையில தண்ணி ஊத்தி."

"அப்புறம்?"

"விடியறதுக்குள்ள மெதந்துடுச்சு. ரோசாச் செடிக்குப் பக்கத்துல பொதச்சு, பூ வச்சுக் கும்புட்டுக்கிட்டு அழுவுறா. அந்தப் பையனோட அம்மாவுக்கு போன் பண்ணி சொன்னா, 'நாங்க உசுரோடதாங்க குடுத்தோம்'ங்குறாங்க."

"நீதான் கொன்னுட்டன்னு சொல்லாம சொல்றா."

"அதான் முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசம் எம்பொண்ணுக்கும் பொறந்தநாள் வருதுல்ல? வர்ற புள்ளைங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கோழி. அந்த மீன் குடுத்தவங்க குடியிருக்கறது மூணாவது மாடியில. அந்தப் பையனுக்கு மட்டும் நல்லா கூவுற சேவலா பாத்து வச்சிருக்கேன்."

மூத்தவள் சிரிக்கவே இல்லை. இளையவள் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"எம்மவனையும் கூப்புடுவல்ல?"

"கூப்புடாம இருப்பனாக்கா?"

"அப்ப அவனுக்குப் பொட்டையா பாத்துக் குடு. முட்டையாவது போடும்."