தாழ்ப்பாள் கழட்டின வீடு

தங்கை: தாழ்ப்பாள் எங்கக்கா? கதவு சும்மா ஆடுது.

அக்கா: கழட்டிட்டேன்.

தங்கை: கழட்டிட்டியா! சுத்திலும் ஆள் அரவமே இல்ல. வாரத்துக்கு ரெண்டே பஸ்ஸு. பயமா இல்ல?

அக்கா: யாருக்குப் பயப்படணும்? ஆடு வரும். எட்டிப் பாத்துட்டு அதுபாட்டுக்குப் போயிடும்.

தங்கை: உன்னை...

அக்கா: நகருடி, மணி எட்டாகப் போகுது. மழை அளக்கணும்.

தங்கை: டப்பாவுல விழுந்த தண்ணிய அளக்க ஒரு வேலை! அதுக்கு நீ இம்புட்டு தூரம்...

அக்கா: பன்னெண்டு மில்லிமீட்டர். அந்த நோட்டுல எழுது. வானிலை ஆபீசுக்கு போன்ல சொல்லணும்.

தங்கை: எழுதியாச்சு. பத்தரைக்கு பஸ்ஸு. பையை எடுத்து வை.

அக்கா: எந்தப் பை?

தங்கை: உன் பைதான். கையோட கூட்டிட்டு வரணும்னுட்டாங்க அம்மா. மாமா போயி எட்டு மாசமாச்சு. இங்க நீ தனியா அழுதுட்டே கெடப்பேன்னு...

அக்கா: நான் அழறேன்னு யாரு சொன்னா?

தங்கை: எல்லாரும்தான். 'பாவம், புருஷன் மேல உசுரையே வெச்சிருந்தா, அந்த வீட்டுல இருக்க முடியாம ஓடிட்டா'ன்னு...

அக்கா: இங்க நல்லா தூங்குறேன்டி.

தங்கை: நல்லதுதானே?

அக்கா: அவர் செத்த அன்னைக்கும் தூங்கினேன். நீங்கல்லாம் கூடத்துல அழுதுட்டிருந்தீங்க. நான் உள்ள போயி நல்லா தூங்கிட்டேன். எந்திரிச்சப்ப... நிம்மதியா இருந்துச்சு. புருஷன் செத்தா நிம்மதியா இருக்குமாடி? வெக்கமா இருக்கு. இந்த மூஞ்சியோட அம்மா முன்னால எப்படி நிக்கிறது?

தங்கை: அக்கா...

அக்கா: உனக்குப் புரியாது. உங்களுக்கெல்லாம் அவர் தங்கமான மாமா. ஆனா தாழ்ப்பாளைப் போட்டுட்டார்னா...

தங்கை: சொல்லாத.

அக்கா: சொல்லாம உனக்கு எப்படித் தெரியும்?

தங்கை: தெரியும்க்கா.

அக்கா: என்ன தெரியும்?

தங்கை: உனக்குக் காய்ச்சல்னு சூப்பு கொண்டு வந்தேனே, நாலு வருஷம் முன்னால... வாசல்ல தூக்கை வெச்சுட்டுப் போனேனே...

அக்கா: ம்.

தங்கை: 'காலையிலயே வந்தேன், தட்டினேன், நீ தூங்கிட்டிருந்தே'ன்னு சொன்னேன்ல? பொய்யிக்கா. சாயங்காலம்தான் வந்தேன். தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் நீ... 'வேணாங்க, வேணாங்க'ன்னு... தட்டத்தான் கையைத் தூக்கினேன். சத்தியமா தூக்கினேன். அப்புறம் எறக்கிட்டேன். தூக்கைக் கீழ வெச்சுட்டு ஓடியே போயிட்டேன். அன்னையிலேர்ந்து உன் மூஞ்சியைப் பாக்கவே கூசுது. திட்டுக்கா. ஏதாவது பேசேன்!

அக்கா: நான் வரல. வேலை இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லிடு. நீ சாப்பிட்டுட்டுக் கெளம்பு.

தங்கை: நான் உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்னு சொல்றேன், நீ சாப்பாட்டைப் பத்தி...

அக்கா: அது அன்னைக்கே தெரியும்டி. சாயங்காலம் கதவைத் திறந்து தூக்கை எடுத்தேன்ல... கையைச் சுட்டுச்சு.