அசையாம நிக்க ஆள் வேணும்

இல்ல தம்பி, நாளைக்கெல்லாம் ஆவாது. நாலு மணிக்குள்ள எனக்கு இன்டர்நெட் லைன் வந்தாவணும். இந்த டத்தோ கிராமாட் ஏரியாவுல மழ தூறுனாலே மொதல்ல போறது எங்க ஃபிளாட்டு லைன்தான். ஆபீஸ் வேலையா? எனக்கா? ரிட்டையர் ஆன ஆளு. சும்மாத்தான் வேணும். பாருங்க லா.

செவுத்துல இருக்கற போட்டோவா? மக, அஃப்ரீன். கோலாலம்பூர்ல இருக்கா. டைரக்டர்! கேமரா கெடையாது, லைட்டு கெடையாது, நடிகருங்க மூஞ்சியக்கூட பாத்தது கெடையாது, ஆனா டைரக்டர். கார் திருடி ஆள சுடுற கேம் இருக்குல்ல, அதுக்குள்ள போயி குடும்பப் படம் எடுக்கறாங்க மேடம். நாலு வருசம் யுனிவர்சிட்டி படிச்சது இதுக்குத்தான்.

சிரிக்காதீங்க, பெரிய கலையாம். ஆளாளுக்கு அவங்கவங்க வீட்லேர்ந்தே நெட்டு வழியா ஒரு பொம்மைய ஆட்டணும். அந்த கேம்ல வாய் அசையாது. அதனால யாரு பேசறாங்களோ அவங்க தலைய ஆட்டணும், மத்தவங்க மரம் மாதிரி நிக்கணும். போலீஸ் ஸ்டேஷன் வாசல கல்யாண மண்டபம்னு நாம நெனச்சுக்கணும். ஒருநா நிக்காஹ் சீன். எவனோ வெரல் தவறி பட்டன மாத்தி அமுக்கிட்டான், துப்பாக்கி வெடிச்சிருச்சு. மாப்ள காலி. விருந்துக்கு வந்தவங்க ஓட்டம். மேல போலீஸ் ஹெலிகாப்டர் வேற! மறுபடியும் மொதல்லேர்ந்து எடுத்தா.

எனக்கு எப்டித் தெரியுமா? வீட்டுக்காரி சுஹானா சொல்லுவா. எனக்கு எதுக்கு இந்தக் கண்றாவி?

மக எங்கிட்ட எங்க பேசறா? ரெண்டு வருசமாச்சு. மொத படத்த ஒரு ஹால்ல போட்டா, சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க. இது படமா, பொம்மைய ஆட்டறதுன்னு சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல. மறுநாளே பஸ் ஏறிட்டா. பெருநாளைக்குக்கூட அம்மாவுக்குத்தான் போன். தப்புதான் தம்பி, என் வாய் அப்டி.

பச்ச லைட்டு எரியுதா? அல்ஹம்துலில்லாஹ். மணி மூணே முக்கால்.

அந்தக் கம்ப்யூட்டரா? என்னோடதுதான். ஏன், தாடி நரைச்சா கம்ப்யூட்டர் தொடக்கூடாதா? ஃபேஸ்புக்ல அஃப்ரீன் போட்டிருந்தா தம்பி, படத்துல அசையாம நிக்க ஆள் வேணும்னு. முப்பது வருசம் ஃபேக்டரி கேட்டுல ஜாகா, காவல் வேல பாத்தவன், எனக்கு நிக்கத் தெரியாதா? அக்மல்னு பேரு குடுத்து சேந்துட்டேன். ஒன்றர வருசமா நிக்கறேன். மைக் இல்லன்னு சொல்லி எழுதித்தான் பதில் போடுவேன். அக்மல் அண்ணன பாத்து நிக்கக் கத்துக்குங்கடான்னு பசங்களத் திட்டறா, எனக்கு இங்க உக்காந்துகிட்டு கண்ணு கலங்குது.

இன்னைக்கு நாலு மணிக்கு ஷூட்டிங், மொத தடவையா எனக்கு வசனம் எழுதியிருக்கா. அப்பா வேசம். வீட்ட விட்டுப் போன மக திரும்பி வருது, கதவத் தொறந்து, வாம்மா, சாப்ட்டியான்னு கேக்கணும். ஒரே வரி. சொந்தக் கொரல்ல பேசியே ஆவணும்னுட்டா. வாயத் தொறந்தா, பெத்த அத்தா கொரல்னு கண்டுபிடிச்சிருவா. நேத்தே போயி மைக் வாங்கிட்டேன்.

இத எங்க சொருவறதுன்னு மட்டும் காட்டிட்டுப் போங்க தம்பி.