ஆளுநர் பென்சிலால் எழுதிய வரி

என் பெயர் அலுவலக அடையாள அட்டையில் உள்ளபடி. தெருவில் என்னைப் பசையக்கா என்பார்கள், அந்தப் பெயரைச் சொன்னால்தான் வீடு காட்டுவார்கள். வயது நாற்பத்தாறு. துறைமுகத்தின் பின்மதிலை ஒட்டிய தெருவில், கடைசிக்கு முந்தைய வீட்டில், கணவர், மாமியார், மகளுடன் குடியிருந்து வருகிறேன். ஆவணக் காப்பகத்தில் கிழிந்த, கறைபட்ட காகிதங்களைச் சீர்செய்யும் வேலை பார்க்கிறேன். விசாரணை அதிகாரி கேட்டதன் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். சொல்லும்போது நான் எழுந்து எழுந்து நிற்பதற்குக் காரணம் ஓடிப்போகும் எண்ணம் அல்ல. அதிகாரியின் பின்னால் அலமாரியில் இருக்கும் பிளாஸ்டிக் பைதான்.

நாட்டை ஆண்ட அந்நிய ஆளுநர் ஒருவரின் கடிதங்கள் எங்கள் காப்பகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. வரி போட்டதும் ஆளைப் பிடித்து உள்ளே தள்ளியதும்தான் அவற்றில் அதிகம். எனக்குத் தெரிந்து அவர் உருப்படியாக எழுதியது ஒரே ஒரு வரி. துறைமுகத்தை விரிவாக்க எங்கள் தெருவை அகற்ற வேண்டும் என்று பொறியாளர் எழுதிய கடிதத்தின் ஓரத்தில், ‘இத்தெருவைத் தொட வேண்டாம், நிலம் குடியிருப்போருக்கே’ என்று தன் மொழியில், பென்சிலால் எழுதிக் கையெழுத்தும் இட்டிருந்தார். இப்போது துறைமுக நிர்வாகம் அதே தெருவைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறது. எங்களிடம் வேறு ஆதாரம் கிடையாது. எங்கள் வக்கீல் பார்த்து எழுதியெடுத்த பிரதியை எதிர்த்தரப்பு ஏற்கவில்லை, எனவே மூலக் கடிதத்தைக் கொண்டுவருமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதன் பிறகு நேற்று காலை காப்பாளர் அந்தக் கடிதத்தை என் மேசைக்கு அனுப்பினார். பழைய தூசிக்கறையால் ஓரம் பழுப்பேறி, படமெடுத்தால் கறுப்பாக விழுந்தது. கழுவித் தெளிவாக்கச் சொன்னார். அந்தத் தெருவில்தான் என் வீடு என்பது அவருக்குத் தெரியாது. சொன்னால் வேறு கைக்கு மாற்றிவிடுவார் என்று நானும் சொல்லவில்லை. இந்த ஒரு கடிதத்துக்கு வேறு யார் கையையும் நான் நம்பவில்லை.

கழுவுமுன் மையைச் சோதிப்பது எங்கள் வழக்கம். பொறியாளரின் மையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்த்தேன், கசியவில்லை. பென்சில் எழுத்தை நாங்கள் சோதிப்பதில்லை. பென்சில் தண்ணீருக்கு அசையாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதன் பிறகு கடிதத்தைத் தண்ணீர்த் தட்டில் இறக்கினேன். சாம்பல் நிறமாக இருந்த ஆளுநரின் எழுத்து ஊதாவாக மாறிக் கரையத் தொடங்கியது. அது நகலெடுப்பதற்காக அந்தக் காலத்தில் வைத்திருந்த சாயப் பென்சில். காய்ந்திருக்கும்வரை சாதாரணப் பென்சிலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கடிதத்தைத் தூக்கி இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். பிரித்தபோது கடிதத்தில் ஊதாக் கறைதான் மிச்சம். ஆனால் மேல் ஒற்றுத்தாளில் அந்த வரி, கையெழுத்தோடு, இடவலம் மாறிப் பதிந்திருந்தது.

கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், படமெடுக்க வழியில்லை. ஆகவே ஒற்றுத்தாளை எடுத்துக்கொண்டு கைகழுவும் இடத்திலுள்ள கண்ணாடிக்கு ஓடினேன். கண்ணாடியில் காட்டிப் படித்தேன், ஓர் எழுத்தும் விட்டுப்போகவில்லை. நான் காகிதத்தோடு ஓடியதைப் பார்த்த காவலாளி என் கையைப் பிடித்தார். அதன் பிறகு வந்த காப்பாளர் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார், நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அதன் பிறகு வந்த காவலர்கள் ஒற்றுத்தாளை எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி மடித்து, கடிதத்தோடு ஈரமாகவே பையில் போட்டு முத்திரை வைத்தார்கள், என்னையும் காவல் நிலையத்துக்குக் கூட்டி வந்தார்கள்.

மாலையில் தெருச் சங்கத் தலைவரான என் கணவரின் அண்ணன் நிலையத்துக்கு வந்தார். “ஏம்மா, வேலியே பயிரை மேஞ்சா நாங்க யார்கிட்டப் போய் அழுவோம்? நீ எந்தப் பக்கம்?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். என் மகள் சாப்பாட்டை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போய்விட்டாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் துறைமுகத்தின் ஆள் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது, அவ்வளவுதான்.

சாயம் ஈரம் இருக்கும்வரை பரவிக்கொண்டே போகும், காற்றில் உலர்த்தினால் நின்றுவிடும். “சார், என்னை உள்ள வேணும்னாலும் போடுங்க, பையை மட்டும் திறந்து வைங்க” என்று நேற்றிலிருந்து கேட்டு வருகிறேன். “நான் முத்திரையை உடைச்சா, சாட்சியத்தைக் கலைச்சேன்னு என்னைக் கூண்டுல நிறுத்துவாங்கம்மா. திங்கட்கிழமை நீதிபதி முன்னாடி திறக்கலாம்” என்கிறார் அதிகாரி. அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் பையின் உள்பக்கம் நீர்த்துளி கோத்து நிற்கிறது.

இவ்வளவையும் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது உண்மை. கையொப்பமிட மேசைக்கு வந்தபோது பையை அருகில் பார்த்தேன். இதுவரை வெள்ளையாக இருந்த ஒற்றுத்தாளின் பின்பக்கத்தில் ஊதா தெரிகிறது. அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். அதிகாரி எழுந்து வந்து பார்த்தார், பிறகு தொலைபேசியை எடுத்து நீதிபதியின் வீட்டு எண்ணைக் கேட்டார். நான் கையொப்பமிட வேண்டிய இடத்தில் எழுத்தர் பென்சிலால் ஒரு குறி போட்டிருந்தார். விரலை நனைத்து அதைத் தொட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அதன் பிறகு கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்)