மடித்து வரைந்த படம்

— ஸ்கேன் எடுக்கப் போனவ, ஆஸ்பத்திரிச் சுவர்ல மாட்டியிருந்த, நான் வரைஞ்ச படத்தை ஏன் கக்கத்துல சுருட்டிட்டு வர்றே?

— டாக்டரம்மாதான் கழட்டிக் கொடுத்தாங்க. தப்பா வரைஞ்சிருக்கீங்களாம்.

— கர்ப்பப்பை இருக்கு, ரெண்டு பக்கமும் சினைப்பை இருக்கு, ரத்தம் திரும்பிப் போற குழாயெல்லாம் நீலத்துல பளிச்சுனு இருக்கு. இன்னும் என்ன வேணுமாம்? அது கிடக்கட்டும். ஸ்கேன்ல என்ன சொன்னாங்க?

— முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. இடது பக்கத்தை எப்படி வரைஞ்சீங்க?

— கையாலதான்.

— ஏங்க.

— சரி. வலது பக்கத்தை வரைஞ்சேன். டிரேசிங் பேப்பரை மடிச்சு, அப்படியே இந்தப் பக்கம் தேய்ச்சு எடுத்துட்டேன். ரெண்டு காதும் ஒரே மாதிரிதானே இருக்கு?

— உள்ளே அப்படி இல்லையாம். வலது சினைப்பையோட ரத்தக் குழாய் நடுவுல இருக்கிற பெரிய குழாய்ல நேராப் போய்ச் சேருமாம். இடது மட்டும் மேலே ஏறி, கிட்னியோட ரத்தக் குழாய்ல முட்டி, அது வழியாத்தான் போகுமாம்.

— உங்கண்ணன் மாதிரின்னு சொல்லு. நேர் வழி இருந்தாலும் நாலு வீட்ல காப்பி குடிச்சுட்டுத்தான் வருவார்.

— சிரிங்க, சிரிங்க. அந்தக் குழாய்ல ரத்தம் மேலே ஏறாம கீழேயே திரும்பி வழிஞ்சா, கர்ப்பப்பையைச் சுத்தி இருக்கிற ரத்தக் குழாயெல்லாம் வீங்கிக்குமாம்.

— வீங்கினா?

— நின்னா வலிக்குமாம். படுத்தா விட்டுடுமாம்.

— படுத்தா விட்டுடுமா?

— ஆமாம். பாத்திரம் தேய்க்க நின்னா வலி, போய்ப் படுத்தா வலி இல்லை. இந்த வியாதிக்கு நீங்க ஒரு பேர் வெச்சிருந்தீங்களே.

— சோம்பேறித்தனம்னு... விளையாட்டுக்குச் சொன்னதும்மா.

— கல்யாணமான நாளா விளையாட்டு.

— முதல்ல உட்காரு. இல்லை, படுத்துக்கோ. தலகாணி கொண்டு வரவா?

— இப்பதானா கண்ணுக்குத் தெரியறேன்?

— உனக்கும் இடது பக்கம்தானே வலிக்குது. சுத்தி வளைக்காதே தாயே. என்ன சொன்னாங்க, நேராச் சொல்லு.

— எனக்கும் அதேதானாம். பயப்பட ஒண்ணுமில்லை. மெல்லிசா ஒரு டியூபை விட்டு, ரத்தம் திரும்பி வழியாம அந்தக் குழாயை அடைச்சுடலாமாம். வலி எங்கேருந்து வருதுன்னு காட்டறேன்னு டாக்டரம்மா உங்க படத்து மேல விரலை வெச்சுத் தேடினாங்க. 'உன் வலி இதுல இல்லையேம்மா'ன்னாங்க. 'இதை வரைஞ்சவரும் வீட்ல அதையேதான் சொல்லிட்டிருக்கார் டாக்டர்'னேன்.