எனக்கு ஒரு சொல்லும் பிழைக்கவில்லை

மொன்றியலின் மேற்கோரத்துத் தீவான இல்-பிசாருக்குப் பேருந்து குறைவு. அதனால் நான் எப்போதும் நேரத்தோடே போய்விடுவேன். யானிஸ் ஐயா வீட்டு வேலைக்கு நான் ஒருநாளாவது பிந்திப் போனதாக அவருடைய மகள்கூடச் சொல்லமாட்டாள்.

தங்கச்சி பிரஷாந்தினி, நான் தமிழில் சொல்வதை நீங்கள் இந்தப் பொலிஸ் அதிகாரிக்குப் பிரெஞ்சில் சொல்லப்போகிறீர்கள். ஆறுதலாகச் செய்யுங்கள். ஆங்கிலச் சொற்களுக்குப் பல கருத்து, இந்த அருமைராசா படித்த மொழிபெயர்ப்பாளன் இல்லை, பாவம், தடுமாறிவிட்டான் என்று வாதாடலாம் என்கிறார் என் வழக்கறிஞர். அவருக்கு நல்ல மனசு. ஆனால் நான் தடுமாறவில்லை. அந்த அவமானத்தை என்னால் ஏற்க முடியாது.

என்னைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் லாட்வியாவில், ரீகா நகரத்தில் விட்டுவிட்டு மறைந்தான். அங்கே ஒரு பேக்கரியில் மா மூட்டை சுமந்து லாட்விய மொழி பழகினேன். மொன்றியலுக்கு வந்தபின் அது ஒருவருக்கும் தேவைப்படவில்லை. வீட்டில் பிள்ளைகள் பிரெஞ்சில் கதைப்பார்கள். நான் வாய் திறந்தால் ஃபோனைப் பார்ப்பார்கள். பிறகுதான் யானிஸ் ஐயாவைப் பராமரிக்க ஆள் தேடினார்கள். பக்கவாதம் அவருடைய ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் கொண்டுபோய், பிறந்த மொழியான லாட்வியத்தை மட்டும் விட்டிருந்தது. மகள் இங்க்ரிடா தாயோடு ஆங்கிலத்தில் வளர்ந்தவள். தகப்பனின் மொழி அவளுக்குத் தெரியாது. முதல் நாள் நான் அவருடைய மொழியில் பசிக்கிறதா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்படி என்னை ஒருவரும் தேடியதில்லை.

குளிப்பாட்டினேன், பீ அள்ளினேன், ஊட்டினேன். இங்க்ரிடா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்கு அப்பாலுள்ள லொங்குய்யிலிருந்து கேக்கோடு வருவாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டு நான் இருப்பேன்.

ஆங்கிலத்தில் 'மிஸ்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்காக ஏங்குவார்கள், பஸ்ஸையும் தவறவிடுவார்கள். லாட்விய மொழி கறாரானது. ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் கேட்கும். 'உங்களை மிஸ் பண்ணுகிறேன் அப்பா' என்றாள் ஒருநாள். போன கிழமை வரத் தவறிவிட்டதாம் என்று அவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவ்வளவு சுலபமாக இருந்தது.

பிறகு, அவரை 'ஹோமுக்கு' கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாள். தன் வீட்டில் அவருக்காக அறை ஒழுங்கு செய்திருந்தாள், படமும் காட்டினாள். உங்களை முதியோர் இல்லத்தில் விடப்போகிறாளாம் என்றேன். படத்திலிருந்த புதுக்கட்டிலைப் பார்த்து அவரும் நம்பிவிட்டார். அந்தச் சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கும் என்பார் வழக்கறிஞர். கொடுக்கட்டும். எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று என்னைக் காரில் ஏற்ற வந்த என் மனைவி அஞ்சலீனா வாசலில் நின்றாள்.

"என்னப்பா, அந்த மனுசன் ஏன் இப்பிடி அழுகுது? மகள் சிரிச்சுக்கொண்டெல்லோ போறா."

"சந்தோசத்தில அழுறார்."

"இது சந்தோசத்தில அழுற முகமோ? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அவ சொன்னதைத்தான்."

அதன்பிறகு அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பெற்ற மகளே தள்ளிவிட்டாள், இனி எதற்கு என்றார். கரண்டியோடு பக்கத்திலிருந்து கெஞ்சினேன். அது நடிப்பில்லை, தங்கச்சி. பிறகு வீட்டுக்கு டாக்டர் வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குழாயால் உணவு கொடுக்கலாம், சம்மதமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். 'மகள் என்னை வைத்துக்கொள்வாள் என்றால் வருகிறேன்' என்றார் யானிஸ் ஐயா. வேண்டாமாம், நிம்மதியாக விடட்டாம் என்று டாக்டரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவருவார்கள். கண்டவனும் வந்து அவரைக் குழப்ப நான் விடலாமா?

தகப்பனின் குரல் தன்னிடம் இருக்கட்டும் என்று இங்க்ரிடா கடைசி நாட்களில் நாங்கள் கதைத்ததையெல்லாம் ஃபோனில் பதிவு செய்திருக்கிறாள். செத்தவீட்டுக்கு வந்த ஒரு லாட்வியப் பெண் அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாளாம். இப்போது எங்கள் ஆட்கள், வேலியே பயிரை மேய்ந்த கதை என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு சொல்லும் எனக்குப் பிழைக்கவில்லை. அவரைச் சாகவிட்டது நான்தான்.

கடைசி நாள் இங்க்ரிடாவுடைய கன்னத்தைத் தடவி, 'கண்ணே, என்னை விட்டுப் போகாதே' என்றார். என்ன சொல்கிறார் என்று அவள் என்னிடம் கேட்டாள்.

எனக்கு நன்றி சொல்கிறார் என்றேன். அவ்வளவு செய்தும் அந்த ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. அதை யாராவது சொல்லத்தானே வேண்டும்.