ஞாயிற்றுக்கிழமைப் பை

தங்கை: அந்தப் பச்சை வேணாம்க்கா. ஸ்கிரீன் துணி, ஊசி இறங்காது.

அக்கா: பச்சைதான அவளுக்குப் பிடிக்கும்...

தங்கை: என் பொண்ணுக்கா? அவ மஞ்சளக் கண்டா விடமாட்டா.

அக்கா: அது அஞ்சு வயசுல. இப்ப ஏழு நடக்குதுல்ல. பச்சைன்னுதான் சொன்னா.

தங்கை: சரி, குடு. இத்தனை துண்டுத்துணி அள்ளிட்டு வந்திருக்கியே, தையக்கடைல ஒண்ணும் சொல்லலியா?

அக்கா: குப்பைக்குப் போறதுதான. உனக்குன்னதும் முதலாளியே மூட்டை கட்டிக் குடுத்தார்.

தங்கை: பாவம் பாத்திருப்பார். இவ தங்கச்சி ஆஸ்பத்திரில புத்தி பேதலிச்சுக் கெடந்தப்ப புருஷன் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டான்னு...

அக்கா: ஆரம்பிச்சிட்டியா. மாத்திரை போட்டியா?

தங்கை: போட்டாச்சு, போட்டாச்சு. ஸ்பாஞ்ச நடுவுல வை. மேல ஒட்டுத்துணி, கீழ லைனிங்... நகத்தாத, கட்டம் கோணிக்கும்.

அக்கா: உத்தரவுங்க டீச்சர்.

தங்கை: டெய்லருக்கு நான் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு. வார் எவ்வளவு நீளம் வைக்கட்டும்? இப்ப எவ்வளவு உசரம் இருக்கா?

அக்கா: இதோ... என் இடுப்புக்கு.

தங்கை: போன மாசமும் இடுப்புதான். அதுக்கு முந்தின மாசமும் இடுப்பு.

அக்கா: பிள்ளைங்க கொஞ்ச நாள் நின்னுட்டு... திடீர்னு வளரும்.

தங்கை: ம். போன பையக் குடுத்தப்ப என்ன சொன்னா?

அக்கா: எத்தனை தடவைடி கேப்ப?

தங்கை: இன்னும் ஒரே தடவை.

அக்கா: வாசல்ல நின்னா. வாங்கிக் கன்னத்துல வெச்சுப் பாத்தா. மெத்துன்னு இருக்கு பெரியம்மான்னா.

தங்கை: அப்புறம்?

அக்கா: அம்மா எப்ப வருவாங்கன்னு...

தங்கை: அவ என்னை வாங்க போங்கன்னு சொல்லமாட்டா. வா, போதான்.

அக்கா: வளர்ந்துட்டால்ல...

தங்கை: அவங்கப்பா?

அக்கா: உள்ள இருந்தார். ஏய், கையப் பாரு, ஊசி.

தங்கை: குத்தல. ஜிப் வெச்சா முடிஞ்சுது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை.

அக்கா: நாளைக்குக் கடைல அவசர வேலை... அடுத்த வாரம் பாப்போம்.

தங்கை: அப்ப நானே எடுத்துட்டுப் போறேன்.

அக்கா: வேணாம்.

தங்கை: வீட்டுக்குப் போகல. தெருமுனையில நின்னு...

அக்கா: வேணாம்னு சொல்றேன்ல. உன்னப் பாத்தாலே அவர் கதவச் சாத்திடுவார்.

தங்கை: சாத்தட்டும். சாத்துறதுக்குள்ள ஒரு பார்வை பாத்துக்குவேன்.

அக்கா: போகாதடி. உன் கால்ல வேணா விழறேன்.

தங்கை: ஏன்க்கா அழற?

அக்கா: அங்க யாரும் இல்லடி. வீட்டக் காலி பண்ணிட்டுப் போயி மூணு மாசம் ஆச்சு. தெருவுல கேட்டேன், ஸ்கூல்ல கேட்டேன்... எங்க போனாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியல. நீ தைச்ச பையெல்லாம் என் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு. உங்கிட்ட சொன்னா மறுபடி ஆஸ்பத்திரில போய் விழுந்துடுவியோன்னு...

தங்கை: தெரியும்க்கா. உனக்குத் தெரியாம ஒரு நாள் நானும் போனேன். வேற ஆளுங்க குடி வந்திருந்தாங்க. ஆனா பை தைச்சாத்தான நீ கெளம்புவ... கெளம்பினாத்தான திரும்பி வந்து, அவ இதச் சொன்னா, அதச் சொன்னான்னு சொல்லுவ. அவ பேசறத நான் வேற எங்க போய்க் கேப்பேன்? நாளைக்கும் போயிட்டு வந்து சொல்லுக்கா.